பேங்க் சுவரில் ஒரு ஆணி

இன்று புக்கிட் செந்தோசா குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தேன். காரைத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அதுவரை நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஆணி அடிக்கக்கூடத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் கேட்க வேண்டும். கடன் வாங்கி இந்தச் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவுக்கு அந்தப் பயம் போகவில்லை. அம்மாவின் சாமிப் படங்கள் மேசைமேலேயே சாய்ந்திருந்தன. நான் மட்டும் துணிந்து, புத்தகப்பை மாட்ட ஓர் ஆணி அடித்தேன்.

“டேய், இது பேங்க் வீடுடா. பேங்க்காரன் ஓட்டையப் பாத்தான்னா ஏலத்துல விட்டுருவான்,” என்றார் அப்பா.

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைப் பற்பசையால் அடைத்தேன். ஒரு வாரம், வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தேன்.

போன வாரம்தான் அப்பாவின் கடன் முடிந்து பட்டா கைக்கு வந்தது. இன்றைக்குச் சுத்தியல் முதலில் விழுந்தது என் கட்டைவிரலில். சாமிப் படத்தோடு காத்து நின்ற அப்பா சொன்னார்:

“விரல விட்டுட்டு சுவத்துல அடி லா. இப்ப அது நம்ம சுவருதான்.”