பதில் வராத கதவு

நான்சி வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வேடசந்தூர் சாலையில் இருக்கும் ஒரு நூற்பாலையில், பழைய குடோனின் மூலையைத் தடுத்து, ஏ.சி. மாட்டி, சர்வர் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே மழை பெய்கிறதா என்பது உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்தால்தான் தெரியும். வருகிறவர்களும் அதிகமில்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலையில் திண்டுக்கல் மேட்டுப்பட்டியிலிருந்து மில் பஸ்ஸில் வந்து உள்ளே போனால், சாயங்காலம் அதே பஸ் கிளம்பும்வரை அவளும் அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரும்தான்.

மில்லின் அத்தனை வேலையும் அந்த ஒரு மெஷின் தலையில்தான் இருந்தது. நூல் இருப்பு, ஆள் வருகை, சம்பளம், போதாததற்கு நடைக்கதவுகள் வேறு. மில்லுக்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே, இருபுறமும் கம்பி அடைத்து, மேலே தகரம் போட்ட நீளமான நடை ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் இரும்புக் கதவு. ஷிப்ட் முடிந்த பெண்கள் நடைக்குள் வந்ததும் பின்கதவு பூட்டிக்கொள்ளும். முன்கதவில் இருக்கும் கேமரா ஒவ்வொரு முகமாகப் பார்த்து சர்வரைக் கேட்கும். சர்வர் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். முன்பெல்லாம் அங்கே வெறும் பூட்டுதான். சாவி காவலாளி சடையாண்டியின் இடுப்பில் தொங்கும். ஹாஸ்டல் பெண்கள் சிலர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதைக் காரணம் காட்டி, சாவியையே ஒழித்துவிட்டு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

நான்சிக்கு வேலை, மெஷினைப் பார்த்துக்கொண்டே இருப்பது. வி.எம்.ஸ்டாட் என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுவிட்டால் சில நொடிக்கு ஒருமுறை திரையில் ஒரு வரி எண்கள் இறங்கும். ஓடும் புரோகிராம்களுக்கு இடம் கொடுப்பது மெமரி. அது போதாமல் போனால், அப்போதைக்குத் தேவையில்லாததை மெஷின் டிஸ்கில் ஒதுக்கிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஸ்வாப் என்று பெயர். எப்போதாவது இப்படிப் போய்வந்தால் தப்பில்லை. ஓயாமல் போவதும் வருவதுமாக இருந்தால், மெஷின் சாமான் தூக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. போகிற எண்ணும் வருகிற எண்ணும் பூஜ்யமாக இருக்கும்வரை நான்சிக்குக் கவலையில்லை.

முதலாளியின் மருமகன் ரோஹித் மேனேஜராக வந்த பிறகு அந்தப் பூஜ்யங்கள் போய்விட்டன. யார் எவ்வளவு நேரம் நூற்கும் இயந்திரத்தடியில் நிற்கிறார்கள், யார் பாத்ரூம் பக்கம் அதிகம் போகிறார்கள் என்று கேமராக்களை வைத்துக் கணக்கெடுக்கும் புரோகிராம் ஒன்றை அவன் கொண்டுவந்து அதே சர்வரில் ஏற்றச் சொன்னான். அது கேட்ட மெமரியை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது. மெஷின் தானாகச் சேமித்து வைக்கும் பழைய எண்களை எடுத்து, அந்தப் புரோகிராம் வந்த நாளிலிருந்து நிலவரம் எப்படி மோசமாகிறது என்று நான்சி அவனிடம் காட்டினாள்.

"கதவு வேலையையாவது வேற மெஷினுக்கு மாத்திருவோம் சார். ஷிப்ட் மாறுற நேரத்துல ஒருநாள் மாட்டிக்கும்."

"டெய்லி மத்தியானம் நீங்க அந்தப் புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட விடுங்க. ஓடும்ல? அப்புறம் என்ன?"

அவ்வளவுதான் பதில். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில், நடையில் யாரும் இல்லாதபோது, அதை நிறுத்தி மறுபடி ஓட விடுவது அவளுடைய தினசரி வேலையாகிவிட்டது. அவளால் லீவு எடுக்க முடியவில்லை. நாத்தனார் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு, கோயிலில் கூட நிற்கவேண்டியவள், பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். கணவன் பிராங்கிளின் பூ மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு மட்டும், "அந்த மில்லுல உன்னையும் சேத்துப் பூட்டி வச்சிருக்காங்களா?" என்று கேட்டான்.

தீப்பிடித்த நாளன்று, நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வந்திருந்தார்கள். கேமராக் கணக்கை அவர்களுக்குப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. காலையிலேயே ரோஹித் வந்து சொல்லிவிட்டான். "இன்னைக்கு அதைத் தொடவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் ஓடட்டும்."

மத்தியானம் போயிற்று. ஸ்வாப் எண்கள் மூன்று இலக்கத்தைத் தாண்டி, நான்கு இலக்கமாகி, இறங்க மறுத்தன. டிஸ்குக்காகக் காத்து நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தது. நான்சி டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஷிப்ட் மாறும் சங்கு ஊதிய சற்று நேரத்தில் ஏ.சி. வழியாகக் கருகிய பஞ்சு வாசனை வந்தது. பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோரூமில் பொறி விழுந்து பற்றிக்கொண்டிருந்தது. மில்களில் இது நடக்காததல்ல. ஆனால் ப்ளோரூமை ஒட்டித்தான் நடை. ஷிப்ட் முடிந்த பெண்கள் அப்போதுதான் அதற்குள் வந்திருந்தார்கள், பின்கதவும் பூட்டியிருந்தது.

இன்டர்காம் அடித்தது. சடையாண்டி.

"தாயி, கதவு தொறக்க மாட்டேங்குது. நடை பூராம் புள்ளைக. பொகை அங்கிட்டுத்தான் போகுது தாயி, சீக்கிரம்!"

அவர் குரலுக்குப் பின்னால் கம்பியை உலுக்கும் சத்தமும் அழுகையும் கேட்டன. கதவுகளை மொத்தமாகத் திறந்து வைக்க ஒரு கட்டளை இருந்தது. நான்சி அதை அடித்தாள். முதல் எழுத்து திரையில் விழவே நேரமானது. கட்டளை முழுசாக வந்த பிறகும் எதுவும் நடக்கவில்லை. அதை ஓட வைக்கக்கூட மெஷினிடம் இடமில்லை. மெஷினையே அணைத்துவிடலாம். அணைத்தால் கதவு அப்படியே பூட்டிக் கிடக்கும், மறுபடி எழுந்து வர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ரோஹித்துக்கு இன்டர்காமில் அடித்தாள்.

"கேமரா புரோகிராமை நிறுத்தணும் சார். கதவு மாட்டிக்கிச்சு."

"இருங்க, இருங்க. தீயை அணைச்சுட்டு இருக்காங்க. இவங்க ஸ்க்ரீன் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. செத்த நேரம் பொறுங்க, நான் வாரேன்."

நான்சி போனை வைத்துவிட்டு, திரும்ப நடைக்கதவடியில் இருந்த சடையாண்டிக்கு அடித்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கேமரா புரோகிராமைக் கொல்லும் கட்டளையை அடித்தாள்; அதற்கு மெஷினிடம் புது இடம் தேவையில்லை. அவசரத்தில் ஓர் எழுத்து தப்பாகிவிட்டது. அது தப்பு என்று திரையில் தெரியவே சில மூச்சு விடும் நேரம் பிடித்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். எழுந்து ஓடி அந்தக் கதவைக் கையால் இழுக்கவேண்டும்போல் இருந்தது. இழுத்தால் வராது. அவள் உட்கார்ந்தே இருக்கவேண்டியிருந்தது. காதில் யாரோ ஒரு பெண் "அம்மா, அம்மா" என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையின் ஓரத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வரி. இன்னொரு வரி. அதற்கடுத்த வரியில் காலி மெமரி சட்டென்று எகிறியது. ஸ்வாப்புக்குப் போகிற எண் பூஜ்யமானது. கதவுக் கட்டளை ஓடியது.

"தொறந்துருச்சு!" சடையாண்டி கத்தினார். "ஏத்தா, தள்ளாம வாங்கத்தா! மெதுவா! தள்ளாம!"

நான்சி ரிசீவரை வைக்காமல் அப்படியே மேஜைமேல் தலையைச் சாய்த்தாள்.

யாரும் சாகவில்லை. புகை குடித்துச் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அய்யலூர்ப் பக்கத்துப் பெண் சத்யபிரியாவுக்கு, கூட்டம் நெருக்கியதில் கம்பிக்கு நடுவே கை சிக்கி எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் ரோஹித் முதலில் கேட்டது, "கேமரா புரோகிராமை யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்பதுதான். அடுத்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "ஆபீசர் வருவாரு. கதவு ஒழுங்காத்தான் வேலை செஞ்சுச்சு, கூட்டத்துல லேட் ஆயிருச்சுன்னு சொல்லிருங்க. உங்களுக்கும் பிரச்சனை வேண்டாம்."

தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அரசாங்க ஆபீசர் வந்தார். ரோஹித் பக்கத்திலேயே நின்றான்.

"கதவு திறந்துச்சாம்மா?" என்று கேட்டார் அவர்.

நான்சி அவரைப் பார்த்தே பேசினாள். "தானா திறக்கல சார்," என்றாள். "கேமரா புரோகிராமை நிறுத்துன பெறகுதான் திறந்துச்சு. அதை நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு." அதற்குமேல் அவர் கேட்டதற்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னாள். ஒருமுறைகூட ரோஹித்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

நடையின் இரண்டு கதவுகளையும் கழற்றும்படி உத்தரவு வந்தது. வெல்டிங் ஆள் வந்து அறுத்தெடுத்தபோது ஹாஸ்டல் பெண்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான்சியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தப் பழைய மெஷின் வேறு யாருக்கும் பிடிபடாது. ஆனால் அதில் அவளுக்கு இருந்த அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அவளால் எண்களைப் பார்க்க முடியும், எதையும் நிறுத்தவோ ஓட விடவோ முடியாது. கேமரா புரோகிராம் மறுபடி ஓடுகிறது. மெமரி ஏறுவதைப் பார்த்து அவள் மேலே தகவல் அனுப்புவாள். கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் ஆள், அவனுக்கு வசதிப்படும்போது, அதை நிறுத்தி ஓட விடுவான். அதுவரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மதுரையில் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது, ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொன்னது. சரிபார்க்கவென்று சேரும்போது வாங்கியவை மில் ஆபீஸ் பீரோவில் இருந்தன. கேட்டாள். "ஆடிட் நடக்குது, முடியட்டும்" என்றார்கள். மறுபடி கேட்டாள். பிராங்கிளினைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். கடைசியில் இளங்கலைச் சான்றிதழை மட்டும் கொடுத்தார்கள். எம்.சி.ஏ. சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். மதுரை வேலைக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு துணிக்கடை வாசலில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். சத்யபிரியா. மில்லுக்குத் திரும்பிப் போகாமல் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முழங்கை இன்னும் முழுசாக நீளவில்லை.

"அக்கா, அன்னைக்குக் கதவு தொறந்தது உங்களாலதானாமே. சடையாண்டி தாத்தா சொன்னாரு." அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க இன்னும் அங்கதானாக்கா?"

"அங்கதான்."

"வந்துருங்கக்கா. இம்புட்டுப் படிச்சிருக்கீங்க. வெளிய வேலையா இல்ல?"

நான்சி அவள் முழங்கையை மெல்லத் தடவிப் பார்த்தாள். "வலிக்குதாடி?"

"குளிருக்கு மட்டும்."

கடைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட, சத்யபிரியா உள்ளே ஓடினாள். நான்சி மேட்டுப்பட்டிப் பஸ்ஸுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை அந்தச் சான்றிதழை மறுபடி கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.