வாவிக்குள் போன பல்லும் கணினியில் இருந்த வாயும்

நான் சொன்ன பகிடிக்கு நானே சிரித்து, என் முன்பல் நான்கையும் வாவிக்குள் துப்பியவன் நான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் ஏற்கெனவே பாதிப்பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நடந்தது 'பாதை'யில் வைத்து. இரும்பு மிதவைகளின்மேல் தட்டுப் போட்டு, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஆட்டுக்குட்டிகளையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்குமே, அந்தப் பாதை. நானும் மனைவியும் மனைவியின் தமையனும் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு, மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய்க் கேட்க வேண்டும். மாப்பிள்ளை ஏற்கெனவே மகளால் தெரிவு செய்யப்பட்டு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலம் முழுக்கப் பரீட்சித்துப் பார்க்கப்பட்டவர். பையனுக்கு ஒரு தயக்கமும் இல்லை. அவருடைய அம்மாவுக்குத்தான் ஒரு தயக்கம். அந்தத் தயக்கம் நான்.

பகலில் கந்தோரில் வேலை. மிச்ச நேரத்தில் பத்திரிகைக்குப் பகிடிக் கட்டுரை எழுதுவேன். அந்த அம்மா அவற்றில் ஒன்றிரண்டை வாசித்துத் தொலைத்திருக்கிறார். 'வாய் ஓயாத மனிசன். இந்தச் சம்பந்தம் சரிவருமா எண்டு எனக்கு யோசினையாக் கிடக்கு' என்று மகனிடம் சொல்லி, அது மகளிடம் வந்து, மகள் எங்களை வழியனுப்பும்போது என்னிடம் வந்து சேர்ந்தது.

"அப்பா, அங்க போய்ப் பகிடி மட்டும் விடாதீங்க. கதைக்கிறதெல்லாம் மாமா கதைக்கட்டும்."

"அப்ப நான் என்னத்துக்குப் போற?"

"அப்பா எண்டு ஒருத்தர் வேணும்தானே. சும்மா இருந்தாக் காணும்."

சும்மா இருப்பது எனக்கு வராது. பதற்றம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், எனக்கு நாக்கு ஓடும். பேச ஆளில்லாவிட்டால் அது கட்டுப்பல்லைத் தட்டிக் கழற்றும், திரும்ப மாட்டும், மறுபடி கழற்றும். பல் டாக்குத்தர் இதைச் செய்யக்கூடாதென்று சொல்லியிருந்தார். அன்றைக்குப் பாதை கரையை விட்டதும் நாக்கு வேலையைத் தொடங்கியது. அங்கே விட முடியாத பகிடிகளை வழியிலேயே விட்டுத் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம் என்று எனக்குப் பட்டது. மச்சானிடம் ஒன்றைச் சொன்னேன். மச்சான் நெல் வியாபாரி, சிரிப்பையும் நிறுத்துத்தான் கொடுப்பார். அவர் சிரிக்கவில்லை. ஈடுகட்ட நான் பலமாகச் சிரித்தேன். பல் அப்போது கழற்றிய நிலையில் இருந்தது.

சின்னச் சத்தம்தான். ஒரு மீன் துள்ளி விழுந்ததைப் போல.

"என்ன விழுந்திச்சு? மோதிரமா?" என்று பக்கத்தில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"பல்லு" என்றார் மச்சான்.

"தங்கப் பல்லா?"

"இல்ல."

"அப்ப விடுங்க."

மனைவி தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீரைக் கொஞ்சம் பரிவோடு பார்த்ததாக ஞாபகம். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அந்தப் பாடும் மீனுக்கு இனிப் பல்லும் இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது ஒரு பகிடி தோன்றியிருக்கும். வேண்டாம். கந்தோரில் எல்லாருக்கும் அது தோன்றிவிட்டது, ஒவ்வொருவருக்கும் முதன்முதலாக.

மாப்பிள்ளை வீட்டில் மச்சான் என்னைக் காட்டி, "அவருக்குத் தொண்டை சரியில்ல" என்று ஒரே வசனத்தில் முடித்தார். நான் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா எனக்கு மட்டும் கொத்தமல்லி அவித்துத் தந்தார். மற்றவர்கள் பயற்றம் பணியாரத்தைக் கடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக என் காதில் விழுந்தது. மச்சான் மழையைப் பற்றிச் சொன்னார், வேளாண்மையைப் பற்றிச் சொன்னார், இரண்டிலும் அருமையான பகிடிகளுக்கு இடமிருந்தது. எல்லாவற்றையும் கொத்தமல்லியோடு விழுங்கினேன். வாய் வேலை செய்யாததால் மூளை ஓடத் தொடங்கியது, அது நேரே பல்லிடம் போய் நின்றது.

பல் போன கதை பழையது. பதுளை றோட்டில் ஒரு மாடு நின்றது, என் மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. அப்போது எனக்கு முதலாவது கட்டுப்பல்லைச் செய்தவர் வயதான ஒரு டாக்குத்தர். அச்செடுக்க ஒரு தகரத் தட்டில் ரோசாக் களியை அப்பி, மேல்வாயில் ஏற்றி, "ஆடாம இரிங்க" என்று அமத்திப் பிடித்தார். ஆடாமல் இருப்பதென்பது என் உடம்பில் இல்லை. களி தொண்டைப் பக்கம் இறங்க, எனக்கு ஓங்காளம் வந்து, அவருடைய விரலைக் கடித்துவிட்டேன். முன்பல் இல்லாத ஒருவன் இவ்வளவு நன்றாகக் கடித்ததில் அவருக்கே ஆச்சரியம். நான் அசைந்ததில் அச்சுப் பிழைத்து, மறுபடி களி, மறுபடி ஓங்காளம். ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கடைசியில் வந்த பல், நான் ஒலிவாங்கிக்கு முன் நின்றால் தாயக்கட்டை உருட்டுவது போலச் சத்தம் போட்டது.

போன வருடம் அது உடைந்தபோது மனைவி என்னைப் பட்டணத்தில் புதிதாகத் திறந்த ஒரு பல் வைத்தியசாலைக்கு இழுத்துப் போனாள். ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். டாக்குத்தர் இளம்பெண். என்னை "அங்கிள்" என்று அழைத்தார். அதைத் தவிர அவரிடம் எனக்கு வேறு குறை இல்லை. முதலில் பல்லைப் படம் பிடித்தார். பழைய டாக்குத்தர் நகத்தளவு பிலிமை பல்புக்கு நேரே பிடித்து "ம்ம்" என்பார், நானும் "ம்ம்" என்பேன். இங்கே படம் உடனே திரையில் ஆளுயரத்துக்கு வந்தது. இடைவெளிக்குப் பக்கத்துப் பல்லின் உள்ளே, கண்ணாடியில் தெரியாத ஒரு கறுப்புப் பொந்து.

"அது நோகல்லையே" என்றேன்.

"நோகத் தொடங்கினா மறுகா புடுங்கத்தான் வரும் அங்கிள். இப்பயே அடைச்சா பல்லு தப்பும். கட்டுற புதுப் பல்லையும் அதுலதான் கொளுவ வேணும்."

டாக்குத்தரோடு தர்க்கம் பண்ண ஆயத்தமாக வந்தவன் நான். படத்தோடு என்ன தர்க்கம் பண்ணுவது? அடைத்தோம்.

அடுத்த முறை போனபோது களிக்காகப் பல்லை, அதாவது மிச்சப் பல்லை, கடித்துக்கொண்டு காத்திருந்தேன். களி வரவில்லை. டோர்ச் லைட்டின் கைப்பிடி போன்ற ஒன்றை வாய்க்குள் விட்டு மெல்ல நகர்த்தினார். வட்டைக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் வயல் வயலாக நிறையுமே, அப்படித் திரையில் என் வாய் பல் பல்லாக நிறைந்து வந்தது. நான் நடுவில் இருமினேன், ஒருதரம் எழும்பியே உட்கார்ந்துவிட்டேன். "பரவால்ல, விட்ட இடத்துல இருந்து பிடிக்கும்" என்றார். என்னைப் போல ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டாதவனை மனதில் வைத்து யாரோ செய்த கருவி. புதுப் பல்லையும் முதலில் திரையில்தான் வைத்துப் பார்த்தோம். நீளம் கூடிப்போயிற்று என்றாள் மனைவி, டாக்குத்தர் குறைத்தார். பின்னறையில் ஒரு மெஷின் அதை அச்சடித்துத் தந்தது. ஒரு மூலை மட்டும் உரசியது, அதைக் கையால் அராவிச் சரிசெய்தார். அதன்பிறகு வாய்க்குள் பல் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

இவ்வளவும் நன்றாக நடந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டுமே. முகத்தையும் விரல் ரேகையையும் கணினிக்குள் புகுந்து களவெடுக்கிறார்கள் என்று அந்த நாட்களில் நிறைய வாசித்திருந்தேன். உண்மையில் திரையில் பார்த்த என் பொக்கை வாயை இன்னொருவர் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி வெளியே போனதும் டாக்குத்தரிடம் திரும்பிப் போனேன்.

"டொக்டர், என்ட வாயை இதுக்குள்ள இருந்து அழிச்சிருங்க."

"ஏன் அங்கிள்?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"உங்கட வாயை ஆரு அங்கிள் களவெடுக்கிற?"

"சொல்ல ஏலாதுதானே."

"சரி, பாப்பம்" என்றார்.

கொத்தமல்லித் தண்ணீர் பாதி குடித்த நிலையில் இது ஞாபகம் வந்தது. புரைக்கேறியது. "பாவம், தொண்டை" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் ஊரில் 'பாப்பம்' என்பது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அழித்திருந்தால் புதுப் பல்லுக்கு எல்லாம் முதலிலிருந்து. விடைபெறும்போது அந்த அம்மா, வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கலியாணத்துக்கு நாள் வைப்பதாகச் சொன்னார். மச்சான் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். நான் கைலேஞ்சிக்குப் பின்னால் வியர்த்தேன். ஒருதரம் தொண்டை என்று தப்பலாம். நாள் வைக்கிற அன்றைக்கும் வீட்டுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றால், ஆளுக்கு ஏதோ பெரிய வருத்தம், மறைக்கிறார்கள் என்றல்லவா நினைப்பார்கள்? ஏற்கெனவே தயங்குகிற மனுசி. மகளின் காரியம் என் வாயால் கெடும் என்று எல்லாரும் பயந்ததுண்டு. வாய் திறக்காமலே கெடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, வைத்தியசாலை பூட்டு. அந்த நாளை நான் வீட்டின் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இடையில் கழித்தேன். நாக்குக்குத் தட்டக்கூட ஒன்றுமில்லை, வெறும் ஓட்டையில் போய்ப் போய் முட்டியது. மகள் புட்டைப் பாலில் குழைத்து எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் காலை, வைத்தியசாலை திறக்குமுன்பே போய் நின்றோம். நடந்ததை மனைவி சொன்னாள். டாக்குத்தர் சிரிக்காமல் இருக்க எடுத்த பிரயாசையை நான் மதிக்கிறேன். கணினியின் முன் உட்கார்ந்து ஏதோ தட்டினார், உருட்டினார், நின்றார்.

"நீங்க அழிக்கச் சொன்னீங்கதானே அங்கிள்?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னத்த அழிக்கச் சொன்னீங்க?"

பல்லில்லாத வாயால் சமாதானம் சொல்வது சுலபமில்லை. "பாதுகாப்பு" என்ற சொல்லில் காற்றுத்தான் வந்தது.

"நான் பாப்பம் எண்டுதான் சொன்ன" என்றார் டாக்குத்தர். "வைத்தியக் குறிப்பை அப்பிடி அழிக்கிறல்ல. வெளியில ஒருத்தருக்கும் குடுக்கிறதுமில்ல. இந்தா கிடக்கு, உங்கட வாய்."

திரையில் அது வந்தது. போன வருடம் பார்க்கச் சகிக்காத அதே வாய். அன்றைக்கு அதை விட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

வாய் மாறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஒருதரம் அந்தக் கைப்பிடியை வாய்க்குள் ஓட்டி, பழைய படத்தின்மேல் புதியதைப் போட்டார். பல்லைச் சுற்றிய முரசு ஓரிடத்தில் இறங்கியிருந்தது நிறம் மாறித் தெரிந்தது. அந்த இடத்தைத் திருத்தி, கொளுக்கியையும் இறுக்கிவிட்டு, மெஷினுக்கு அனுப்பினார். களி இல்லை, ஓங்காளம் இல்லை, அவருடைய விரல்கள் எல்லாம் பத்திரம். மறுநாள் பல் வந்தது.

"இனி நாக்கால தட்டாதீங்க."

"பாப்பம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். மகள் வாசலிலேயே என்னைக் கண்ணால் கேட்டுக்கொண்டாள். நானும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, "இப்ப தொண்டை எப்பிடி?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? உண்மையைச் சொன்னேன். பாதை, மச்சான் சிரிக்காத பகிடி, மாடு, களி, டாக்குத்தரின் விரல், திரையில் வந்த வாய், அச்சடித்த பல் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். நண்டுக்கறி பரிமாறியபோது, எந்தக் கால் எந்தப் பல்லால் உடைகிறது என்று செய்தும் காட்டினேன். இடையில் மச்சான் நுழைந்து நாளை வைத்து, நேரத்தையும் குறித்துவிட்டாராம். எனக்குப் பிறகுதான் தெரியும்.

போகும்போது மாப்பிள்ளையின் அம்மா வாசலில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"எல்லாம் சந்தோசம் தங்கச்சி. ஆனா அந்தப் பல்லுக்கு என்ன அவசரம் கிடந்திச்சு? கலியாணம் முடிஞ்ச பிறகு அச்சடிச்சிரிக்கலாமே."