சீர் சோபா

எங்கள் பக்கத்தில் புது சோபாவின் பாலிதீன் உறையை யாரும் கழற்றுவதில்லை. வெயிலில் தொடையோடு ஒட்டினாலும், எழுந்தால் சத்தம் போட்டாலும் உறை உறையாகவே இருக்க வேண்டும். அத்தைக்குச் சீராக வாங்கிய சோபாவும் வடமாலபேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கோலத்தில்தான் கிடந்தது. அத்தை, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் தங்கை. கல்யாணம் நெருங்கிவிட்டிருந்தது.

அம்மா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவளுக்குப் படுக்க வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் சீர் சாமான்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நைனா பலகாரம் வாங்கப் புத்தூர் போயிருந்தார். அம்மா சோபாமேல் போர்வையை மடித்துப் போட்டு, அதில் புடவையை விரித்து இஸ்திரி போட்டாள். பாதியில் கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமல் இஸ்திரிப் பெட்டியைப் படுக்கையாகவே அங்கே வைத்துவிட்டு, ஓரத்தில் தலை சாய்த்தவள் தூங்கிப்போனாள். கரண்ட் எப்போது வந்ததோ, கருகல் நாற்றத்தில்தான் அத்தையும் நானும் ஓடிவந்தோம்.

புடவையும் போர்வையும் கருகி, பாலிதீன் உருகிச் சோபாத் துணியோடு ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சீர்ப் பொருளில் தீப்பட்டால் அபசகுனம் என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள். நாத்தனார் வாழ்வைக் கெடுத்தவள் என்ற பெயர் அம்மாவுக்கு ஆயுசுக்கும் நிற்கும். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"தூங்கிட்டேம்மா," என்று மட்டும் அத்தையிடம் சொன்னாள்.

அத்தை சோபாவைக் கவிழ்த்து, அடியில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த உபரித் துணியில் ஒரு துண்டை வெட்டினாள். அம்மா உறையை உருவி எறிந்துவிட்டு, கருகிக் கெட்டியான விளிம்பைப் பிளேடால் நறுக்கினாள். துண்டை ஓட்டைக்கு அடியில் செருகிப் பசை தடவி, ஓரங்களை அதன்மேல் அழுத்தினார்கள். அழுத்தும்போதே அம்மாவின் கண்கள் சொக்கின. நாற்றம் போக சாம்பிராணி போட்டார்கள்.

மத்தியானம் என்றவர்கள், பசை காய்வதற்குள் பாகாலாவிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். அத்தை ஒட்டுப் போட்ட இடத்தில் சட்டென்று உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தபோது எழவில்லை. அந்தம்மாள் கட்டில், பீரோ எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து எதிரில் நின்றபோதும் எழவில்லை.

"பெரியவங்க வந்து நின்னுகினு கீறோம், எழுந்துக்கத் தெரியாதா உனுக்கு?"

"கால் நோவுதுங்க," என்றாள் அத்தை.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் திமிர் பிடித்தவள் என்ற பெயர் அந்த வீட்டுக்கு அத்தைக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் ஆகியும் அது எழுந்தபாடில்லை. நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அன்று அவர்கள் போன பிறகும் அம்மா படுக்கவில்லை. தேங்காயெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். அத்தையின் காலை இழுத்து மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். வயதில் மூத்த அண்ணி காலைத் தொடுவதா என்று அத்தை கூசினாள். அம்மா விடவில்லை.

அத்தைக்குக் கால்வலியே கிடையாது, அத்தனையும் பொய் என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் அம்மா. தேய்ப்பதை நிறுத்தவில்லை. வலிக்காத காலுக்கு எதற்கு எண்ணெய் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.