வெள்ளைக் காகம் தந்த உத்தரவு

யுத்தம் துறைமுகத்துக்கு வருகிறது என்று ஊரில் பாதி வள்ளமேறி அக்கரையிலுள்ள மூதூருக்குப் போய்விட்டது. எட்டு மாத வயிற்றோடு நான் மட்டும் துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் வீட்டில் ஒரு காகத்தின் உத்தரவுக்காகக் காத்திருந்தேன்.

சும்மா காகமில்லை. உடம்பெல்லாம் வெள்ளை, செட்டை நுனி மட்டும் அழுக்குச் சாம்பல். கறுப்பு ஊறாமலே பிறக்கிற பறவைகள் உண்டென்று பின்னால் ஒரு டாக்குத்தர் சொன்னார். என் கணவருக்கோ அது செத்துப்போன தகப்பன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மாமனார் வாழ்நாளெல்லாம் வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டும்தானாம். அப்படிப் பார்த்தால் கச்சேரியில் வேலை பார்த்துச் செத்த அத்தனை பேரும் வெள்ளைக் காகமாகவல்லவா பறக்க வேண்டும்!

தினமும் சாப்பாட்டுக்கு முன் மதிலில் சோறு வைத்து, போகலாமா என்று கேட்டுக் கைகூப்பி நிற்பார். கறுப்புக் காகங்கள் வழித்துத் தின்னும். வெள்ளை கிட்ட வந்தால் கொத்தித் துரத்தும். அது பாவம், இற்றுப்போன இறகோடு முருங்கையில் குந்தியிருக்கும். ஐயா சோறெடுக்கவில்லை, வீட்டை விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை என்று கணவர் கதையை முடிப்பார். உயிரோடிருந்தபோது என் கையால் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்காத மனிசன், செத்தும் என்னை விடவில்லை. மேலே விமானம் இரைந்தால் வயிற்றில் பிள்ளை துடிக்கும். எனக்குப் பயம். பயத்தைவிட எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் மீன் வாசமே கூடாத நாள், மீன்காரியிடம் வேலிக்கு மேலால் ஒரு சட்டி மீன்குடல் வாங்கினேன். அவர் முன்மதிலில் சோறு வைக்கிற நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் பின்னால் கொட்டினேன். கறுப்புக் காகமெல்லாம் அங்கே பறந்தன. வெள்ளை தனியே இறங்கி ஆறுதலாகச் சோற்றைத் தின்றது. கணவர் கண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஐயா சாப்பிட்டிட்டார். வெளிக்கிடு."

நாறுகிற கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நாங்கள் மூதூரில் இறங்கிச் சில நாளில் குண்டு விழுந்தது. விட்டுவந்த வீட்டில் மிஞ்சியது ஒரு பக்கச் சுவர்தான். மகள் மூதூரில் சுகமாகப் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கி அவர் சொன்ன முதல் பேச்சு:

"ஐயா, உன்ர அப்பப்பா, இல்லையெண்டால் நீ இல்லை, பிள்ளை."

பிள்ளை பெற்ற களைப்பில் எனக்குச் சண்டை பிடிக்க ஏலவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஓம்தான் நான் செய்த பிழை. மகள் வளர்ந்து, இன்றைக்கும் தன் உயிரைக் காத்த அப்பப்பாவின் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறாள். பூவைப் பிடுங்கிக் கொடுக்கிறவள் நான்.