பதினெட்டு ஜாப், ஒரே கை

அந்தச் சனிக்கிழமை கல்லூரிப் பட்டறைக்குள் இருந்தவர்கள் பதினெட்டு மாணவர்கள், பிரின்சிபால், வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்தவர், இரும்புத் துண்டுகளை எண்ணிக் கொடுக்க நோட்டோடு நின்ற ஸ்டோர் குமாஸ்தா. இல்லாதவன் நான் ஒருவன்தான். அந்தப் பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். தேர்வாளர் என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவையும் சாத்தச் சொன்னார். நான் செய்த காரியத்துக்கு அவர் அப்படிச் சொன்னது நியாயம்தான்.

அதற்கு ஆறு மாதம் முன்பு வரை நான் ராயபுரத்தில், கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். ஏழு வருஷம் அங்கே அரத்தால் இரும்பை ராவினேன். அப்பா துறைமுகத்தில் கரி இறக்கும் கூலி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது வரை படித்த முதல் ஆள் நான். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்லூரியில் தொழில் சொல்லித் தர ஆள் தேடினார்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் நின்று வேலை செய்யவும் தெரிய வேண்டும், கரும்பலகையில் எழுதவும் தெரிய வேண்டும். எங்கள் பட்டறையில் கைத்தொழில் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஆபீஸ் அறையில் இருந்தார்கள். இரண்டும் தெரிந்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்த நிலைமை அது. ஆறு மாதம் வேலையைப் பார்ப்போம், பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வோம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். நான் விட்ட வைஸில் அடுத்த வாரமே வேறு ஆள் நின்றான். திரும்பிப் போக இடமில்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"கைல தொழிலு வெச்சிகினு வாயால பொயைக்கப் போறியா?" என்றார். "அரம் தேஞ்சா ஸ்டோர்ல போய் வேற வாங்கிக்கலாம். நாக்கு தேஞ்சா இன்னா பண்ணுவே?"

பக்கத்து வைஸில் நின்ற தோஸ்து வேறு மாதிரி கேலி செய்தான். நான் சொல்லிக் கொடுக்கிற பையன் நாளைக்கு இங்கேயே ஃபோர்மேனாக வருவான், அப்போது அவனிடம் என் பேரைச் சொல்லித் தான் சிபாரிசு பிடித்துக்கொள்வதாகச் சொன்னான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. செய்து முடித்த உருப்படிகள், ஜாப்புகள் என்போம், எல்லாம் ஒரே மேஜையில் குவியும். எது யார் செய்தது என்று ஃபோர்மேனுக்குத் தெரிய வேண்டும். பாதிப் பேருக்குப் பேர் எழுதத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு மூலையை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அந்த மூலையின் கூர்முனையை மெல்லிய அரத்தால் தன் பாணியில் கொஞ்சம் மழித்துவிடுவார்கள். ஒருவர் ஒரே இழுப்பு, ஒருவர் குறுக்கே இரண்டு. என்னுடையது மேல் இடது மூலையில் சாய்வாக மூன்று இழுப்பு. எனக்குப் பேர் எழுதத் தெரியும்தான். ஆனாலும் ஏழு வருஷத்தில் அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரியில் நான் கொடுத்த ஜாப் ஒன்றுதான். ஓர் இரும்புத் தகட்டில் சதுர ஓட்டை, அதில் உட்கார ஒரு சதுரக் கட்டை. இரண்டையும் அரத்தாலேயே ராவிப் பொருத்தி ஜன்னலுக்கு நேரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. பையன்கள் கெட்டிக்காரர்கள். படம் போடச் சொன்னால் என்னைவிட நன்றாகப் போடுவார்கள். அரத்தைக் கையில் கொடுத்தால்தான் பேஜாரு. வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவரின் மகன் படகில் துடுப்புப் போடுகிற மாதிரி ராவுவான். ஜாப் நடுவில் மேடு தட்டிப்போகும். "மாஸ்டர், கொஞ்சம் பாருங்களேன்" என்று நிற்பான். இரண்டே இழுப்பு என்று நான் வாங்குவேன்.

பட்டறைக்காரன் புத்தி அது. அங்கே ஒரு ஜாப் கெட்டால் கூலியில் பிடிப்பார்கள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தலைகுனிவு. அதனால் ஒருவன் கையில் வேலை கெடுகிறது என்று தெரிந்தால் அருகில் இருப்பவன் வாங்கிச் சரிசெய்வான். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. கண் முன்னால் இரும்பு கெடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. தேர்வுக்காக எடுத்து வைக்க வேண்டிய ஜாப்புகளிலும் இப்படித்தான் இவனுக்கு இரண்டு இழுப்பு, அவனுக்கு நான்கு இழுப்பு என்று போனேன்.

தேர்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஒரு காலத்தில் பட்டறையில் நின்றவர் என்பது அவர் விரல் நகங்களிலேயே தெரிந்தது. பதினெட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் இல்லை. இன்னொன்றிலும் இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்து, மேல் இடது மூலைகளைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசி ஜாப்பில் விரல் நின்றது.

"நீ எந்தப் பட்டறைலேர்ந்து வந்தே?"

சொன்னேன்.

"அங்க பேர் எழுதத் தெரியாதவங்க மூலைல கை வெப்பாங்க, எனக்குத் தெரியும். உனக்கு எழுதத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்போ இது யாரு கையெழுத்து?"

அப்போதுதான் நானே பார்த்தேன். பதினெட்டிலும் சாய்வாக மூன்று இழுப்பு. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அது பாடத்தில் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கலாம். பிரின்சிபால் நம்பியும் இருப்பார்.

"என்னுது சார்," என்றேன்.

பிரின்சிபால் தணிந்த குரலில் நிலைமையைச் சொன்னார். தேர்வு ரத்தானால் பையன்களுக்கு ஒரு வருஷம் போகும். என்னை நிரந்தரம் செய்கிற காகிதமும் குப்பைக்குப் போகும். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஆறு மாதம் தினமும் பார்த்தவன் நான்.

"அவங்களுக்குத் தெரியும் சார். நான்தான் செய்ய வுடலை," என்றேன். "புது இரும்பு குடுத்து உங்க கண்ணு முன்னால செய்யச் சொல்லுங்க."

தேர்வாளர் யோசித்துவிட்டு, சனிக்கிழமை வருகிறேன், அன்றைக்கு நீ உள்ளே இருக்கக் கூடாது என்றார். புது இரும்பு யார் கணக்கில் என்று குமாஸ்தா கேட்டார். என் கணக்கில் எழுதச் சொன்னேன்.

நடுவில் மூன்று நாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது தூக்கு, முழங்கையை ஆட்டாதே. வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டியிருக்கும். அப்பா வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை கதவுக்கு வெளியே, காலி எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். உள்ளே அரங்களின் சத்தம் கேட்டது. அரத்தின் சத்தத்திலேயே ஆள் தெரியும். இழுக்கும்போது தூக்காதவன் அரம் கீச்சிடும். தோல் வியாபாரி மகனின் அரத்தைத் தேடிக் காதைக் கொடுத்தேன். முதலில் துடுப்புதான். கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது சத்தம் நேராக வந்தது. அப்புறம் இரும்பு அறுக்கிற ரம்பத்தின் பிளேடு ஒன்று ஒடிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன்.

கதவருகே காவலுக்கு நின்ற கல்லூரி வாட்ச்மேன் பீடியை அணைத்தார். "இன்னா மாஸ்டர், உள்ள பிரசவமா நடக்குது? குந்து."

உட்கார்ந்தேன். மறுபடி ஒன்று ஒடிந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. தேர்வாளர் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் வெளிச்சம். ஒன்றில் ஈர்க்குச்சியே நுழையும். எனக்குக் கை துறுதுறுத்தது. சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இத்தையும் பாரு," என்று மூலைகளைத் திருப்பினார்.

பதினெட்டிலும் மேல் இடது மூலை மழிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் இரண்டு இழுப்பு, ஒன்றில் ஏழு, ஒன்றில் மூலையே காணோம். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் தோல் வியாபாரி மகனைக் கேட்டார்.

"மாஸ்டர் எப்பவும் கடைசில அதைத்தான் பண்ணுவாரு சார். அதுவும் பாடம்னு நெனச்சோம்."

தேர்வாளர் சிரித்தார். பிரின்சிபால் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு அவரும் சிரித்தார். ஆறு மாதக் கைக்கு இவ்வளவு இடுக்கு இருக்கலாம் என்று தேர்வாளர் சொன்னதில் பதினாறு பேர் தேறினார்கள். இரண்டு பேர் ஆறு மாதம் கழித்து மறுபடி செய்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த இருவரையும் நானே தேற்றுகிறேன், தொடாமல் தேற்றுகிறேன் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். என் காகிதத்தில் அவர் அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்.

முதல் தேதி சம்பளத்தோடு ஒரு சீட்டும் வந்தது. பழக்கம் போல உறையை அப்பா கையில் கொடுத்தேன். அவர் ரூபாயை எண்ணினார், குறைகிறதே என்று நிமிர்ந்து பார்த்தார், சீட்டை என்னிடமே நீட்டி இன்னா எழுதிக்கீதுன்னு படி என்றார். படித்தேன். மறு தேர்வுக்குக் கொடுத்த இரும்பு, ஒடிந்த பிளேடுகள், தேய்ந்த அரங்கள், எல்லாம் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்தது பதினான்கு ரூபாய் ஆறணா.