மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஃபோல்டர்

நான் அப்போது தானா ராத்தா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது ஜூனியர் கிளார்க். ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர், சரிவுக்குக் கீழே ஃபேக்டரியில் ஒன்று. எந்தக் காட்டில் என்றைக்குக் கொழுந்து எடுப்பது என்ற பட்டியல் பென்டிரைவில் ஏறி மூன்றுக்கும் நடுவே அலையும். ஒரு முறை பழைய பட்டியலைப் புதியதின் மேலேயே பதிந்துவிட்டேன். அதை அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். மறுநாள் காலை ஏழாம் நம்பர் காட்டிலிருந்து கங்காணியம்மா போன் செய்தார்.

"தம்பி, இங்க முந்தாநாள்தான் எடுத்தோம். இன்னிக்கும் எடுக்கணும்னா பூதக்கண்ணாடி அனுப்புங்க லா."

பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்டது. எனக்குக் காது சுட்டது.

அன்றே தோட்ட மேனேஜரான துரையிடம் போனேன். ஸ்டோரில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பொதுவாக வைத்தால் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும், எல்லோரும் அதையே திறக்கலாம் என்றேன். அவர் உடனே சரி என்றார். அதில் எந்த சிஸ்டம் போடுவது என்பதில்தான் சண்டை வந்தது.

எனக்கு மேலே இருந்த பெரிய கிராணியம்மா விண்டோஸை விட்டுக்கொடுக்கவில்லை.

"தெரிஞ்சதை விட்டுட்டு எதுக்கு வேற? நீ லீவுல போனா நான் யாரைப் போய் கேக்குறது?"

ஃபேக்டரி வயர்மேன் அண்ணன் லினக்ஸ் பக்கம்.

"அக்கா, இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு விண்டோஸ் கனம். ஓட்டை லோரியில திரிங்காப் ஊரு முட்டைகோஸ் அத்தனையும் ஏத்துன மாதிரி ஆயிடும்."

இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதனால் அண்ணனும் நானும் ஒரு வேலை செய்தோம். இரண்டு ஹார்ட்டிஸ்கில் இரண்டையும் போட்டு, திங்கட்கிழமை விண்டோஸையும் செவ்வாய்க்கிழமை லினக்ஸையும் மாட்டினோம். எந்த நாளில் எது என்று கிராணியம்மாவிடம் சொல்லவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு நாளும் அதே ஃபோல்டர், அதே பெயர்.

கரண்ட் போய் வந்தால் எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்று பார்க்க, திங்களன்று பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம். ஒரு டீ குடித்து முடித்த பிறகே ஃபோல்டர் திறந்தது. செவ்வாய் மத்தியானம் இடி இடித்து, கரண்ட் தானாகவே போய் வந்தது. அம்மாவின் கம்ப்யூட்டருக்கு பேட்டரி இருந்ததால் அது அணையவில்லை; அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் ஃபோல்டர் திறந்துவிட்டது.

"பாத்தியா! இன்னிக்குப் போட்டது எவ்வளவு நல்லாருக்கு. விண்டோஸ்னா விண்டோஸ்தான்" என்றார்.

அண்ணன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான்தான் மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, இது லினக்ஸ்."

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். பிறகு "அடப்பாவிங்களா!" என்று அவரே சிரித்துவிட்டார்.

"சரி, இதையே வைங்க. ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே. நீங்க ரெண்டு பேரும் இல்லாத அன்னிக்கு?"

அது உண்மைதான். எப்படி நிறுத்துவது, எப்படி எழுப்புவது, மக்கர் செய்தால் முதலில் எதைப் பார்ப்பது என்று ஒரே தாளில் தமிழில் எழுதி, பெட்டிக்கு மேலே ஒட்டினேன். அம்மா அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் எங்கள் இருவரையும் தானா ராத்தா டவுனுக்கு ஏதோ சாமான் வாங்க அனுப்பிவைத்தார். ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"பெட்டியை நானே நிறுத்திட்டேன்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"நானே எழுப்பியும் விட்டேன். பட்டியல் வந்துடுச்சு. அவசரப்படாம சாப்பிட்டுட்டு வாங்க."