பீரோச் சாவியும் வாயில் வைத்த விரலும்

என் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் சத்தம் கேட்கும் என்று எங்கள் தலைமை ஆசிரியை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்.கே.ஜி. வகுப்பு. இருபத்து மூன்று குழந்தைகள், எல்லாம் நாலு வயது வாண்டுகள். அவர்களை வாய் திறக்காமல் உட்கார வைப்பது லேசான காரியமில்லை என்று எனக்கும் உள்ளூர கர்வம் உண்டு. அதற்கு நான் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. "கை கட்டு, வாயில விரல் வை" என்பேன். அவ்வளவுதான். செங்கல்பட்டில் நான் படித்தபோது என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். நான் என்ன கெட்டா போய்விட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

தினமும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்குவேன். அங்கிருந்து பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் வரும் மணல் நோட்டுக்குள்ளும் டிபன் பாக்ஸுக்குள்ளும் புகுந்துவிடும். வகுப்பின் ஒரு மூலையில் ஒரு இரும்பு பீரோ. அதன் சாவி என் கைப்பையில் இருக்கும்.

அந்த பீரோவுக்குள்தான் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. மரக்கட்டைகள், சொப்புச் சாமான், இரண்டு பெரிய பொம்மைகள், டாக்டர் செட், கலர் கலராக வளையங்கள். சின்னக் குழந்தைகள் விளையாடித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அனுப்பியவை. வந்த நாளே பெட்டியோடு பூட்டி வைத்தேன். வெளியே எடுத்தால் உடையும். உடைந்தால் யார் பதில் சொல்வது? அதிகாரி யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் எடுத்து அடுக்குவேன். அவர் போனதும் துடைத்து, பாலிதீன் கவரில் போட்டு, உள்ளே வைத்துவிடுவேன். குழந்தைகள் அவற்றுக்கு வைத்த பெயர் 'பீரோ பொம்மை'.

எங்கள் பள்ளி ஆயா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். பக்கத்துக் குப்பத்துக்காரி. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "இன்னா டீச்சர், இப்டியே பூட்டி வெச்சினு இருந்தா பொம்ம குட்டி போடுமா?" என்று கேட்டாள் ஒரு நாள். எனக்குக் கோபம் வந்தது. "உன் வேலையப் பாரு" என்றேன்.

அந்த வருஷம் ஜூனில் ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. இரட்டைச் சடை, பல் வரிசையில் ஒரு சின்ன இடைவெளி. அம்மா நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். விடியற்காலை வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அப்பா மீன் பிடிக்கப் படகில் போகிறவர். அந்த ஜூனிலிருந்தே அந்தக் குழந்தை பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் கேட்டால் பார்க்கும். பாட்டுச் சொன்னால் உதடு அசையாது. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலை ஆயாவிடம் நீட்டும்.

நான் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வூட்ல வாயே மூடாது டீச்சர்" என்றாள் அவள். "நான் வேலைலேர்ந்து வந்தா தூங்கற வரிக்கும் பேசிகினே இருக்கும். இங்க இன்னாத்துக்கு இப்டி கீதுன்னு தெர்லயே."

எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே இது என்று நினைத்தேன். வீட்டில் ஏபிசிடி முழுசும் சொல்கிறான், வீட்டில் நூறு வரை எண்ணுகிறாள் என்று தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. "நீங்க காலையில போனா சாயங்காலம் வர்றீங்க. குழந்தைகிட்ட பேச ஆளே இல்ல. அதான் பேச்சு வரல" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அடுத்த முறை வந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவளே அதைத் திருப்பிச் சொன்னாள். "ஆமா டீச்சர், எல்லாம் என்னாலதான்."

டிசம்பர் தொடக்கத்தில் முடிவோடு வந்தாள். மதுராந்தகத்தில் அவள் அக்கா வீட்டில் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்களாம். குழந்தையை அங்கேயே விட்டுவிடப் போகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவாள். "வேலைய விட முடியாது டீச்சர். அதுக்காவது பேச்சு வரட்டும். மாசத்துக்கு ஒரு தபா போயி பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் நல்ல முடிவாக எடுத்திருப்பதாகத்தான் பட்டது.

அந்த வார வியாழக்கிழமை அதிகாரி அம்மா ஒருவர் வருவதாகத் தகவல். புதன்கிழமையே பொம்மைகளை எடுத்துத் துடைத்து, 'கட்டை மூலை', 'பொம்மை மூலை' என்று அட்டையில் எழுதி ஒட்டி, ஒத்திகையும் நடத்தினேன். விளையாடுவதற்கு ஒத்திகை. "மேடம் உள்ள வந்ததும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து விளையாடணும். அவங்க போனதும் அங்கேயே வெச்சிடணும். சரியா?" இருபத்து மூன்று தலைகளும் ஆடின. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஆயா மட்டும் கதவுப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள்.

வியாழன் காலை நல்ல மழை. ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றுக்கு வருவார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பிறகு பன்னிரண்டு. எந்த நிமிஷமும் வாசலில் ஜீப் நிற்கலாம், அதனால் எதையும் எடுத்து வைக்க முடியாது. குழந்தைகள் சொன்னபடி ஆளுக்கு ஒரு சாமானை மடியில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரம் தாங்கியிருக்கும். அதற்குள் ஒரு கட்டை உருண்டது. அதைப் பிடிக்க ஒருவன் தவழ்ந்தான். அவன் தவழ்ந்ததைப் பார்த்து இன்னொருவன் அதைப் படகு என்றான். பிறகு என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்க நான் வகுப்பிலும் இல்லை, வாசலில் குடையோடு நின்றிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சத்தம் கூரையைத் தூக்கியது. ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்று நான் எழுதி வைத்திருந்த பையன், ஒன்பது பேருக்கு எட்டு சொப்புத் தட்டு வைத்துவிட்டு, "இன்னும் ஒர்த்தருக்கு இல்ல, ஒரு தட்டு கொறையுது" என்று கத்திக்கொண்டிருந்தான். எப்போதும் அழுகிற ஒரு பெண், டாக்டராகி, தன்னைத் தள்ளிவிட்டவனுக்கே ஊசி போட்டுவிட்டு, "வலிக்காது, வலிக்காது" என்று ஊதிக்கொண்டிருந்தாள். இவர்களை ஆறு மாதமாக எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் பீரோவுக்குப் பின்பக்கமிருந்து என் குரல் கேட்டது.

என் குரலேதான். அதே இழுப்பு, அதே அதட்டல். போய்ப் பார்த்தேன். பேசாத அந்தக் குழந்தை சுவரோரமாக இரண்டு பொம்மைகளையும் மூன்று கட்டைகளையும் வரிசையாக உட்கார வைத்திருந்தது. கையில் சொப்புக் கரண்டி. "கை கட்டு. வாயில விரல் வை. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது!" ஒரு கட்டை சாய்ந்தது. கரண்டியால் அதைத் தட்டி நிமிர்த்தியது. "உன்னத்தான் சொல்றேன். நான் சொன்னேனா? நான் எடுக்கச் சொன்னேனா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் கண் முன்னால் வந்தது. ஜூனில் சேர்ந்த அன்றைக்கு அந்தக் குழந்தை வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வந்தது. அவர்கள் வீட்டுப் பூனைக்குக் காலில் அடிபட்டுவிட்டதாம். நொண்டுகிறதாம். அப்பா மஞ்சள் வைத்துக் கட்டினாராம். நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை சும்மா இரு என்றேன். மூன்றாவது முறை எழுந்து போய், அதன் விரலைப் பிடித்து அதன் வாயில் வைத்து, "நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றேன். அதற்குள் தலைமை ஆசிரியை கூப்பிட்டார், புத்தகம் வாங்கப் போனேன். மற்ற குழந்தைகளுக்கும் அப்படித்தான் சொல்வேன். ஐந்து நிமிஷத்தில் அவர்கள் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடுவேன். இது மறக்கவில்லை. விரல் எப்போதோ கீழே இறங்கியிருக்கும். ஆனால் எடுக்கலாம் என்று நான் சொல்லவே இல்லையே.

பேசாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணமா என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. படித்தவர்கள் வேறு நாலு காரணம் சொல்லலாம். ஆனால் அம்மா வேலைக்குப் போவது காரணமில்லை என்பது மட்டும் அந்தக் கரண்டியைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

ஒரு மணிக்கு, அதிகாரி வரமாட்டார் என்று செய்தி வந்தது. நான் எதையும் பீரோவில் வைக்கவில்லை.

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் ஏறாமல் ஈ.சி.ஆர். சாலைக்குப் போய், வேன் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். ஆறரைக்கு அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. "கொழந்திக்கு இன்னா ஆச்சு டீச்சர்?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். விரலை வாயில் வைத்ததை, மறந்து போனதை, பழியை அவள் மேல் போட்டதை. "தப்பு என்னோடது. நீங்க வீட்ல பேசுதுன்னு சொன்னப்ப நான் நம்பல. மன்னிச்சிடுங்க" என்றேன். நடுரோட்டில் ஒரு பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அவள் குரல் உயர்ந்தது. "ஆறு மாசமா நான் தூங்கல டீச்சர். பெத்தத வுட்டுட்டு ஊரான் வூட்டு தரைய தொடைக்கறேனேன்னு செத்துகினு கீறேன். ஈசியா சொல்லிட்டீங்க." நான் தலை குனிந்து நின்றேன். பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தவள் திரும்பினாள். "நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன். என் காதால கேக்கணும். அப்பால அக்காகிட்ட பேசறேன்."

மறுநாள் வந்தாள். வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே, குழந்தையின் கண்ணில் படாமல் உட்கார்ந்தாள். நான் சாமான்களை எல்லாம் பரப்பினேன். படகு விட்டார்கள், சமைத்தார்கள், சண்டை போட்டார்கள். அந்தக் குழந்தை மட்டும் பேசவில்லை. பொம்மைகளை வரிசையாக வைத்தது, என்னைப் பார்த்தது, கரண்டியைக் கீழே போட்டுவிட்டது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

வேறு வழி தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்தேன். பொம்மை வரிசையில், கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில், பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையைக் கட்டினேன். இன்னொரு கை விரலை வாயில் வைத்தேன். குழந்தைகள் 'ஓ'வென்று சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தது. பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று, என் விரலைச் சரியாக உதட்டுக்கு நடுவில் நகர்த்தி வைத்தது. வாய் திறக்காமலேயே சமையல் மூலைக்குப் போய்விட்டது.

என்னை மறந்தேவிட்டது. நான் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. மூக்கில் அரித்தது. ஆயா டீ கொண்டுவந்து, "டீச்சர், ஆறிப் பூட்டுது" என்றாள். தலையை ஆட்டினேன். "இன்னா கூத்து இது" என்று முணுமுணுத்தவள், ஜன்னலைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்று பார்த்தார். நான் விரலை எடுக்கவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். எனக்கு அது அரை நாளாக இருந்தது. அந்தக் குழந்தை இப்படி இருந்தது ஆறு மாதம்.

சொப்புத் தட்டோடு இந்தப் பக்கம் வந்தபோதுதான் அது என்னைப் பார்த்தது. நான் இன்னும் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதன் முகம் மாறியது. தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து, என் விரலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது.

"போதும் மிஸ். எடுத்துடுங்க. இப்ப பேசலாம்."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஜூனில் நான் கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது.

"பூனைக்குக் கால் சரியாயிடுச்சா?"

அது என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தது. "அது எப்பவோ சரியாயிடுச்சி மிஸ். குட்டி கூட போட்டுச்சி. மூணு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு கறுப்பும் வெள்ளயும், ஒண்ணு எங்கப்பா வலைக்குள்ளாற பூந்துகினு வரவே மாட்டேங்குது..."

ஜன்னலுக்கு வெளியே அவள் மதுராந்தகத்துக்குப் போன் போட்டிருந்தாள். "அக்கா, ஞாயித்துக்கெழம வராத. இல்ல, நல்லாதான் கீது. நீயே கேளு" என்று, கம்பிக்கு நடுவே கையை விட்டு போனை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.